சிவப்புக் காயினில் சிட்டி

மேசைப் போர் விளையாட்டுக்காரர்கள் சினிமாவிலிருந்து படை திரட்டுவது புது சங்கதி அல்ல. 1987-ல் இங்கிலாந்தில் வெளியான 'வார்ஹாமர் 40,000' விளையாட்டின் டைரனிட் கூட்டத்தைப் பார்த்தால் 'ஏலியன்' ஞாபகம் வராமல் போகாது. நெக்ரான் என்ற உலோக எலும்புக்கூடுகளில் 'டெர்மினேட்டர்' சாயல் தூக்கலாகவே தெரியும். செவ்வாய்க்காரர்கள் பூமிமேல் படையெடுக்கும் நாவலை 1898-ல் எழுதிய எச்.ஜி.வெல்ஸ், 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வீட்டுத் தரையில் மோதவிடுவதற்கு ஒரு விதிப் புத்தகமும் போட்டார். மரக்குண்டைத் தள்ளும் குட்டிப் பீரங்கிதான் ஆயுதம். அடிபட்டு விழுந்த சிப்பாய் செத்தவன்.

நமக்கு எதற்குச் செவ்வாய்? 'எந்திரன்' இருக்கிறது. 2010-ல் வந்ததையெல்லாம் கிளாசிக் என்பதா என்று 1963-ன் 'கலை அரசி' ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வேற்றுக் கிரகத்து ஆசாமி பாட்டுக் கற்றுக்கொடுக்கச் சொல்லி பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தப் படம் எனக்கும் உயிர். ஆனால் மேசையில் பரப்ப அதில் ஆள் பற்றாது.

'எந்திரன்' கடைசியில் வரும் சிட்டி ரோபோக்கள் எல்லாரும் அச்சு அசல் ஒரே ஆள். மற்ற படைகளுக்குக் குதிரைக்காரன், வில்லாளி என்று பத்து விதம் செய்தாக வேண்டும். இங்கே ஒருவனைச் செதுக்கினால் மீதியெல்லாம் நகல். அதற்காக ஆட்டம் சலித்துவிடாது. ஒன்றுசேர்ந்தால் வேறு ஜென்மம் எடுக்கிற கூட்டம் இது: துப்பாக்கிகளை முள்ளாக நீட்டிய உருண்டை, பாம்பு, விசுவரூபம். நான் விதி எழுதினால் இப்படி இருக்கும். ஆறு சிட்டிகள் ஒட்டி நின்றால் உருண்டை. எல்லாத் திசையிலும் சுடும், படி ஏறாது. வரிசையாக நின்றால் பாம்பு. இரட்டை வேகம், நடுவில் ஒருவன் விழுந்தால் இரண்டு துண்டு. எதிரணிக்கு அந்தப் பலம் கிடையாது. விஞ்ஞானி வசீகரன் வைரஸை அனுப்பி முடிக்கும்வரை தாக்குப்பிடித்தால் ஜெயம். மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று திண்ணையில் கோடு கிழித்து ஆடிய ஊருக்கு, சமமில்லாத இரண்டு கட்சிகளின் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை.

செய்வது எப்படி? கொலு பொம்மைக்காரர் செய்வதுபோலத்தான். நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு நடை போய்வாருங்கள். கல்யாண செட், கிரிக்கெட் செட், பக்கத்திலேயே ராமர் பட்டாபிஷேகம். ஒரே அச்சில் எடுத்து வரிசை வரிசையாக நிறுத்தியவைதான் பாதி. அதே வேலையை இரண்டு அங்குல உயரத்துக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும். செம்புக் கம்பியை மடித்து எலும்பு. மேலே இரண்டு கட்டியாக வரும் எம்-சீல் பசை. இரண்டு கட்டியையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, ஈர விரலால் சதை வைத்து, இறுகுவதற்குள் ஊசிமுனையால் கோட்டின் மடிப்பையும் கறுப்புக் கண்ணாடியையும் கீறிவிட வேண்டும். மறுநாள் அதன்மேல் சோப்புத் தண்ணீர் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு. காகிதக் கூழையும் சாக்பீஸ் தூளையும் பசையில் குழைத்து அமுக்கினால் சிட்டி ரெடி. காயும்போது கொஞ்சம் சுருங்கும், மூக்கு மழுங்கும். பெயின்ட்டில் சரிக்கட்டலாம்.

அடித்தட்டுக்கு கேரம் காயின். விட்டம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பொம்மை சாயாமல் நிற்கும். ஒரு செட்டில் கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. கறுப்பில் சிட்டிகள், வெள்ளையில் போலீஸ், சிவப்பில் யார் என்று படம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கெட்டவனாக்கும் சிவப்புச் சிப் பொருத்திய சிட்டிதான்!

இத்தனை இருந்தும், இந்த விளையாட்டில் இறங்கும் நம் இளைஞர்களுக்கு 3டி ரெசின் பிரின்டர்மேல்தான் கண். காரணம் புரிகிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. வெளிநாட்டுப் பெட்டியை வாங்குவதைவிட வீட்டிலேயே அச்சடிப்பது லாபம் என்று படுவதில் ஆச்சரியமில்லை. நுணுக்கத்தில் ரெசினை அடிக்க எதுவும் இல்லை என்கிறார்கள். வாஸ்தவம். சட்டைப் பொத்தான்கூடத் தெரியும்.

என் கவலை பொத்தான் அல்ல, சிங்க். பிரின்டரிலிருந்து வெளியே வரும் பொம்மைமேல் இறுகாத ரெசின் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசுவார்கள். இரண்டு மூன்று படை அலசியதும் அந்தத் திரவம் கலங்கிப்போகும். அதை எங்கே கொட்டுவது? தி.நகரில் மூன்றாவது மாடி ஃபிளாட், இரவு பதினொரு மணி. எங்கே கொட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சிங்க்கில் கொட்டியது சாக்கடை வழியாகக் கால்வாய்க்கும் வந்துவிடலாம். இறுகாத ரெசின் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மயிலாப்பூர், மந்தைவெளி ஓரமாக, பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே நெளிகிற பக்கிங்ஹாம் கால்வாய் அடையாற்றில்தான் போய்ச் சேர்கிறது. ஏற்கெனவே கறுத்துக் கிடக்கிற தண்ணீருக்கு இது ஒரு கேடா என்று கேட்பவர்கள் உண்டு. விநாயகர் சதுர்த்தி வந்தால் பட்டினப்பாக்கத்தில் கரைக்கிற பிளாஸ்டர் பிள்ளையாரைப் பற்றி ஊரே பேசுகிறது. பேச வேண்டியதுதான். வருஷம் முழுக்க சிங்க்கில் இறங்குவதைப் பற்றி வாய் திறக்க ஆளில்லை.

ஆற்றை விடுங்கள், விரலைப் பாருங்கள். இறுகாத ரெசினைத் தொட்டுத் தொட்டு ஒருநாள் தோல் அலர்ஜி பிடித்தால், பிறகு கொஞ்சம் பட்டாலே தடித்துச் சிவந்து அரிக்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம். ஏ.சி. போட்டு ஜன்னலை இறுக்கிச் சாத்திய படுக்கையறையில் இந்த மெஷினை ஓட்டவே கூடாது. பையன் ரூமுக்குள் என்னவோ பொம்மை பண்ணுகிறான் என்று காபி டம்ளரை அந்த மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போகும் அம்மாக்களுக்கு இதை யார் சொல்வது?

ரெசினை விட மனசில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, செலவும் இல்லை. கலங்கிய ஆல்கஹாலை அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, தீ, குழந்தை, பூனை எதுவும் நெருங்காத மொட்டை மாடி மூலையில் வெயிலில் வையுங்கள். ரெசினை இறுக்குவது புற ஊதாக் கதிர். சென்னையில் அதற்குப் பஞ்சமா? கலங்கல் இறுகி அடியில் படியும். வடிகட்டினால் ஆல்கஹாலை மறுபடி அலசப் பயன்படுத்தலாம். வடிதாளில் தங்கியதை இன்னும் ஒரு நாள் காயவிட்டு, நன்றாகக் கல்லான பிறகே குப்பையில் போடவேண்டும். வடாம் காயப்போட்ட துணி இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.