பழைய வெல்டிங் மேசையை வாங்கலாமா?

1958-ல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையில், பழைய உருக்கு மேசை ஒன்று விலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மேல் தகட்டின் நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், கனம் 20 மில்லிமீட்டர். கன மீட்டர் உருக்கு சுமார் 7,850 கிலோ. ஆகவே தகடு மட்டும் 314 கிலோ! காயலான் கடையிலும் இந்த எடைக்கு விலை உண்டு.

ஆனால் தளம் மட்டமாக இருக்கிறதா? வெல்டிங்கில் சூடேறும் இடம் விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் தடுப்பதால் நசுங்குகிறது. ஆறும்போது சுருங்கி, தகட்டையே இழுத்து வளைக்கிறது.

ஒட்டியிருக்கும் வெல்டிங் துளிகளைச் சுரண்டிவிட்டு, நேரான உருக்குப் பட்டையை நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நிறுத்துங்கள். பின்னால் விளக்கைப் பிடியுங்கள். பட்டையின் நடுவே ஒளி கசிந்தால் அங்கே பள்ளம். பட்டை ஆடினால் மேடு. கோணல் மேசையில் செய்யும் ஜன்னல் சட்டமும் கோணலாகும். துளிகளைத் தேய்த்து நீக்கலாம். வளைவை நிமிர்த்துவது எளிதன்று. ஒளி கசியாத மேசையையே வாங்குங்கள்.