அரபுத்தமிழை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

விக்கிப்பீடியாவில் ஒரு மொழியைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர் கட்டுரைக்கு முன்பாகவே ஒரு படிவத்தைச் சந்திக்கிறார். பக்கத்தின் ஓரத்தில் நிற்கும் தகவற்சட்டம் அது. மொழியின் பெயர், பேசப்படும் இடம், மொழிக் குடும்பம், எழுத்துமுறை, பன்னாட்டுக் குறியீடு என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் பதில் வேண்டும். கட்டுரையின் அடியில் பகுப்புகளும் உண்டு. இன்ன பட்டியலில் இது அடங்கும் என்று அங்கேயும் சொல்லியாக வேண்டும். தமிழுக்கோ தெலுங்குக்கோ இதில் சிரமமில்லை. ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களிலும், காயல்பட்டினத்திலும், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் புழங்கிய அரபுத்தமிழை அந்தப் படிவத்தில் எப்படி நிரப்புவது? ‘அர்வி’ என்றும் பெயர் பெற்ற இதை மொழி என்று எழுதுவோர் உண்டு. தமிழின் வட்டார வழக்கு என்று எழுதுவோர் உண்டு. வெறும் எழுத்துமுறை என்று முடித்துக்கொள்வோரும் உண்டு. மூன்றுக்கும் மேற்கோள் காட்ட நூல் கிடைக்கும். ஆகவே ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றுவதும், உரையாடல் பக்கத்தில் வாதம் நீளுவதும் இதுபோன்ற தலைப்புகளில் இயல்பு.

சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் விடை ஒன்றுதான். அரபுத்தமிழ் என்பது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். சமய நூல்களுக்கென்று வளர்ந்த ஒரு தமிழ் நடை. அதைத் தனி மொழி என்று பிரிப்பது அதற்குப் பெருமை சேர்ப்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அதை ஆதரவற்றதாக்குகிறது.

முதலில் மொழியின் உடலையே எடுத்துக்கொள்வோம். ரமலான் இரவில் நோன்புக்கு உறுதி எடுக்கும்போது இந்தக் கரையில் ஒருவர் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘நாளைய பர்ளான நோன்பைப் பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன்.’ இதில் பர்ளு, நிய்யத்து இரண்டும் அரபுச் சொற்கள். ஆனால் பர்ளு, ‘ஆன’ என்ற தமிழ் ஈற்றை ஏற்றுப் பெயரடையாகிவிட்டது. நிய்யத்து, தமிழின் உகரத்தில் முடிந்து, ‘செய்’ என்ற தமிழ் வினையோடு சேர்ந்தால்தான் நடமாடுகிறது. நோன்பு தமிழ்ச் சொல். அதன் ஐகார வேற்றுமை தமிழ். நோன்பைப் ‘பிடிக்கிற’ மரபும் தமிழ். வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்பதும், அதிலேயே தன்மையும் ஒருமையும் அடங்கியிருப்பதும் தமிழ் இலக்கணம். அரபியில் இப்படி ஒரு வாக்கியம் அமையாது. இதையே அரபு எழுத்தில் எழுதினாலும், எழுதியதை ஒருவர் உரக்கப் படித்தால், எழுத்து தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் விளங்கும். அந்த இரண்டு சமயச் சொற்களுக்கு மட்டும் அவர் பொருள் கேட்கக்கூடும்.

ஒலியிலும் இதே கதைதான். அரபியின் ‘ளாத்’ எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் தம் நாவுக்குப் பழகிய ளகரமாகவே உச்சரித்தார்கள். அதனால்தான் பர்ளு, ரமளான், ஒளு, களா என்ற வடிவங்கள் இன்றும் நிற்கின்றன. எழுத்தைக் கவனித்தாலும் அப்படியே. எகர ஒகரங்களையும் ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளையும் குறிக்க அரபு நெடுங்கணக்கில் இடமில்லை. இருந்த எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளைப் படைத்தார்கள். தமிழை விட்டுவிட்டு அரபிக்குப் போக நினைத்தவர்களுக்கு ழகரத்தை எழுத வழிதேட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. தமிழின் ஓர் ஒலியும் கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அந்தப் புள்ளிகளில் இருக்கிறது.

இந்த அக்கறைக்கு வரலாறும் சாட்சி. பெரியபட்டினம் இன்று சந்தனக்கூடு விழாவுக்குப் பேர்போன ஊர்; இடைக்காலத்தில் கடல் வணிகத்தின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்த ஊரோடு ஆய்வாளர்கள் அடையாளம் காணும் பவித்திரமாணிக்கப்பட்டினத்தின் பெயர் பக்கத்துத் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டில் வருகிறது. அங்கிருந்த சோனகர் பள்ளிவாசல் ஒன்றுக்கு நிலம் இறையிலியாக விடப்பட்ட செய்தி அது. பள்ளிவாசலுக்கான அரசாணை, வைணவக் கோயில் சுவரில், தமிழில் இருக்கிறது. அரபுலகத்தோடும் சீனத்தோடும் வணிகம் செய்த ஊரில் ஆவணமும் வழக்கும் தமிழாகவே இருந்தன என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. பிற்காலத்தில் இதே சமூகம் இரண்டு வழிகளில் எழுதியது. 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆயிரமசலாவும் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் செய்யுள் மரபில் நிற்பவை. சட்டமும் வழிபாட்டு முறையும் ஆன்மிகமும் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் அரபுத்தமிழில் எழுதப்பட்டன. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘மகானி’யும் ‘ஃபத்ஹுத் தய்யா’னும் இந்த வகையில் பேர்பெற்றவை. குர்ஆன் ஓதப் பழகிய எல்லோருக்கும் அரபு எழுத்து தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் அந்த எழுத்தின் வழியே தம் தாய்மொழியில் படிக்க முடிந்தது. எழுத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் அதுவே.

சொற்களில் பாதி அரபியாக இருக்கும்போது அதை எப்படித் தமிழ் என்பது என்று கேட்கலாம். சில நூல்களில் அரபுச் சொற்களின் அடர்த்தி மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் இந்தக் கேள்விக்குத் தமிழ் உலகம் முன்பே ஒரு விடை தந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளையும் பிறரும் திவ்வியப் பிரபந்தத்துக்கு எழுதிய உரைகள் வடசொல் நிறைந்த மணிப்பிரவாளம். வடசொற்களைக் கிரந்த எழுத்திலேயே எழுதும் வழக்கமும் அதில் இருந்தது. அதை நாம் தமிழ் உரைநடை வரலாற்றில் வைத்துப் படிக்கிறோம். தமிழின் ஒரு நடை என்கிறோம். வடமொழி கலந்தால் நடை, அரபி கலந்தால் வேறு மொழி என்று இரண்டு அளவுகோல் வைப்பது நியாயமில்லை. எழுத்தைச் சொல்லிப் பிரிப்பதும் அப்படித்தான். இதே பாண்டிய நாட்டில் பல நூற்றாண்டுகள் வட்டெழுத்தில்தான் தமிழ் எழுதப்பட்டது. அதற்கு முன்பு தமிழ் பிராமியில். வட்டெழுத்துக் கல்வெட்டை யாரும் வேற்றுமொழிக் கல்வெட்டு என்று பட்டியலிடுவதில்லை. துருக்கி 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. மொழி துருக்கியாகவே இருந்தது. நமக்கு அண்டையில் கேரளத்தில், 1607இல் இயற்றப்பட்ட முகியித்தீன் மாலை அரபு எழுத்தில் இருந்தாலும் மலையாள இலக்கிய வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

எழுத்தை மட்டும் வைத்து மொழியைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு மால்டோவா ஓர் எச்சரிக்கை. அங்கே பேசப்படும் ருமேனிய மொழியைச் சோவியத் ஆட்சி சிரில்லிக் எழுத்தில் எழுதவைத்து, ‘மால்டோவியம்’ என்று தனி மொழியாக அறிவித்தது. 1989இல் எழுத்து லத்தீனுக்குத் திரும்பிய பிறகும் பெயர்ச் சிக்கல் தீரவில்லை. விக்கிப்பீடியாவிலும் சிரில்லிக் எழுத்தில் ஒரு மால்டோவியப் பதிப்பு தொடங்கப்பட்டு, கடுமையான வாதங்களுக்குப் பிறகு 2006இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2017இல் மூடப்பட்டது. மொழிக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து அதன் தனிக் குறியீடு 2008இல் நீக்கப்பட்டது. 2023இல் அந்நாட்டு நாடாளுமன்றமே தன் சட்டங்களில் மொழியின் பெயரை ருமேனியம் என்று மாற்றியது.

பஞ்சாபிக்குக் குர்முகியில் ஒன்று, ஷாமுகியில் ஒன்று என இரண்டு விக்கிப்பீடியாக்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கக்கூடும். எல்லைக்கு இருபுறமும் இன்று வாழ்கிற இரண்டு பெரிய வாசகர் கூட்டங்களுக்கான ஏற்பாடு அது. பதிப்பு எத்தனை என்பது வாசகர் வசதி. மொழி எது என்பதற்கு அது தீர்ப்பாகாது. செர்பிய விக்கிப்பீடியா ஒரே பக்கத்தைச் சிரில்லிக்கிலும் லத்தீனிலும் மாற்றிக் காட்டுகிறது. கணினி உலகின் குறியீட்டு விதிகளிலும் இதற்கு இடம் உண்டு. மொழிகளுக்கு ஐஎஸ்ஓ 639 என்ற பட்டியல், எழுத்துகளுக்கு ஐஎஸ்ஓ 15924 என்ற தனிப் பட்டியல். அரபுத்தமிழுக்குத் தனி மொழிக் குறியீடு இல்லை. தமிழின் குறியீட்டோடு அரபு எழுத்தின் குறியீட்டைச் சேர்த்தாலே போதும், ‘அரபு எழுத்திலுள்ள தமிழ்’ என்று கணினிக்கு விளங்கிவிடும். நாம் வாதாடிக்கொண்டிருக்கும் கேள்விக்கு அந்த இரண்டு பட்டியல்களையும் வகுத்தவர்கள் முன்கூட்டியே வழிவிட்டிருக்கிறார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பெரிய மொழிகள் சிறியவற்றை விழுங்குவதற்கு எப்போதும் சொல்லும் வார்த்தை ‘இதுவும் எங்கள் மொழிதான்’ என்பது. அரபுத்தமிழைத் தமிழ் என்பதும் அதே விழுங்கல் இல்லையா? இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மக்கள் தாய்மொழி என்று சொன்ன 19,569 பெயர்களைச் சல்லடை போட்டு, 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று சுருக்கியது. கோடிக்கணக்கானோர் பேசும் போஜ்புரி அதில் இந்திக்குள் போனது. தமிழ் என்ற தலைப்பின் கீழும் இருளம், எருகுலம், கொரவம் போன்றவை அடக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இருளர் மொழியை நீலகிரியில் ஆராய்ந்த செக் அறிஞர் கமில் சுவலபில், தமிழில் இல்லாத நடுநா உயிரொலிகளும் தனித்த அமைப்பும் கொண்ட, தென்திராவிடக் குடும்பத்தின் தனி மொழியாகவே அதைக் கண்டார். ஐஎஸ்ஓ பட்டியலிலும் இருளத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. கணக்கெடுப்பைக் காட்டி இருளத்தைத் தமிழின் வழக்கு என்று விக்கிப்பீடியாவில் யாரேனும் எழுதினால் அதை எதிர்க்க வேண்டும். ஒலி, இலக்கணம், கேட்டால் விளங்குமா என்ற சோதனை ஆகியவற்றை அளவுகோலாக வைத்தால் இருளம் தனித்து நிற்கிறது, அரபுத்தமிழ் தமிழோடு சேர்கிறது. ஒரே கோல்தான், அது தமிழுக்குச் சாதகமாக மட்டும் சாயவில்லை.

கடைசியாக, அந்தச் சமூகத்தின் அறிஞர்களே தனிப்பெயர் கொடுத்து எழுதியிருக்கும்போது வெளியார் மறுக்கலாமா என்ற கேள்வி. கீழக்கரையின் தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட ஆங்கில நூல், அர்வியை அரபிக்கும் பாரசீகத்துக்கும் இணையாகத் தலைப்பிலேயே வைக்கிறது. மறக்கப்பட்டிருந்த ஏராளமான நூல்களையும் ஆலிம்களையும் பதிவு செய்த அந்த உழைப்புக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது. விக்கிப்பீடியாவின் நடுநிலை நோக்கு என்ற விதிப்படி அந்தக் கருத்து கட்டுரைக்குள் அவர் பெயரோடு இடம்பெற வேண்டும்; நீக்கக் கூடாது. ஆனால் ஒரு கருத்தைப் பதிவு செய்வது வேறு, அதையே தகவற்சட்டத்தில் முடிவாக எழுதுவது வேறு. தனிப்பெயர் தேவைப்பட்டதற்குக் காரணமும் வெளிப்படை: தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்களில் பலர் இந்த நூல்களைக் கண்டுகொள்ளவே இல்லை. புறக்கணிப்புக்கு மருந்து பிரிந்துபோவதல்ல. தனி மொழி என்று ஒதுக்கினால் தமிழ் மாணவர் தன் பாடத்தில் அதைத் தேடமாட்டார். எழுத்தை மட்டும் பார்க்கும் நூலகர் அட்டவணையில் அரபி என்று பதிந்துவிடுவார். அரபி படிப்பவருக்கோ அது விளங்காது. யாருக்கும் சொந்தமில்லாத நூலாக அது அலமாரியில் கிடக்கும். தமிழ் உரைநடையின் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றில் ஆறுமுக நாவலரோடு மாப்பிள்ளை லெப்பை ஆலிமையும் வைத்துப் பேசும் நாள் வரவேண்டுமானால் இவர் எழுதியதும் தமிழ் என்று முதலில் ஏற்க வேண்டும்.

ஆகவே அந்தக் கட்டுரையைத் தொகுப்பவர் செய்யக்கூடியது இது. முதல் வரியில் அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் என்று சொல்லலாம். குடும்பம் என்ற கட்டத்தில் தமிழ் என்றும் எழுத்துமுறை என்ற கட்டத்தில் விரிவாக்கிய அரபு என்றும் நிரப்பலாம். மாற்றுக் கருத்துகளைத் தனிப் பிரிவில் ஆளுக்குரிய பெயரோடு தரலாம். ஆனால் வாதத்தைவிடப் பெரிய குறை மூல நூல்கள் கண்ணில் படாததுதான். அவை இணையத்தில் இருந்தால், இரண்டு பக்கம் படித்துக் காட்டியே பாதிச் சர்ச்சையை முடித்துவிடலாம். பெரியபட்டினத்திலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பாட்டிமார் ஓதிய கல்லச்சுப் பிரதிகளைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் படமெடுத்துப் பொதுவெளியில் ஏற்ற முன்வர வேண்டும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து விக்கிமூலத்தில் சேர்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது. 1898இல் மறைந்தவரின் நூல்களை ஏற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.