பாம்பைக் கண்டு அஞ்சும் கண்

இருளில் கிடக்கும் கயிற்றைக் கண்டு துள்ளி விலகாதவர் அரிது. அது கோழைத்தனம் அன்று. மிகப் பழைய காலத்து எச்சரிக்கை.

நம் முன்னோர் வேட்டையாடியவர் மட்டுமல்லர், வேட்டையாடப்பட்டவரும் ஆவர். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த, மனிதனுக்கு நெருங்கிய தொல்லினத்து இளம் உயிர் ஒன்றின் மண்டையோட்டில் இரு துளைகள் உள்ளன. சிறுத்தையின் கோரைப்பற்கள் அவற்றில் பொருந்துகின்றன. 1924-இல் கிடைத்த டவுங் குழந்தையைப் பெருங்கழுகு கொன்றிருக்கும் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மலைப்பாம்புகள் குரங்குகளை இன்றும் விழுங்குகின்றன.

பாம்பைக் கண்டறியும் தேவையே குரங்கினத்தின் பார்வையைக் கூர்மையாக்கியது என்று 2006-இல் மானுடவியலாளர் லின் இஸ்பெல் எழுதினார். இது இன்னும் விவாதத்துக்கு உரியதே. ஆயினும், பாம்பையே கண்டிராத குரங்குகளின் மூளையிலும் பாம்பின் படத்துக்கு விரைந்து துலங்கும் நரம்பணுக்கள் இருப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது.

அப்பழம்பகைகளுள் திருமயம் வட்டாரத்தில் நாம் நாள்தோறும் எதிர்கொள்வது பாம்பு ஒன்றையே. குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு அணையாக இருந்து வணங்கப்படுவதும் பாம்புதான். வரப்பிலும் வைக்கோற்போரிலும் அஞ்சப்படுவதும் பாம்புதான்.

இத்துணைக் கூர்மையான கண்ணும் உறக்கத்தில் உதவாது. கட்டுவிரியன் இரவில், பெரும்பாலும் தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் மிகக் குறைவு; பற்குறிகூடத் தெரியாமற் போகலாம். விடியலில் வயிற்றுவலி, இமை தாழ்தல், விழுங்க இயலாமை ஆகியவை தோன்றும். பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வயிற்றுவலிதானே என்று சுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்க வேண்டா. கொசுவலையைப் பாயின் அடியில் செருகி உறங்குவது நல்ல காப்பு.

கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். கடிவாயை இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் கூடா. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டா. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் பயன்படுகிறது.

மருத்துவமனையில், "ஊசி போடாமல் ஏன் காக்க வைக்கிறீர்கள்?" என்று உறவினர் சினப்பதுண்டு. அச்சினம் எமக்குப் புரிகிறது. நச்சு ஏறிய அறிகுறி இருந்தால் காத்திருப்பதில்லை. அறிகுறி தெளிவாக இல்லாதபோது, சிறிதளவு இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைக்கிறோம். உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியுள்ளது என்று கொண்டு உடனே மருந்தைத் தொடங்குகிறோம். உறைந்தாலும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. 24 மணி நேரமேனும் கண்காணிப்பில் வைத்து, அச்சோதனையை மீண்டும் மீண்டும் செய்கிறோம்.