களிமண் நாட்கள் – 9: தட்டிப் பார்த்து வாங்குங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. திருவான்மியூரில் மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மருந்தீஸ்வரரைச் சேவித்துவிட்டு வந்த ஒரு மாமி, குடையை மடக்கிக்கொண்டு என் பட்டறை வாசலில் ஒதுங்கினார். அலமாரியிலிருந்த தேன் நிறக் கோப்பை ஒன்றை எடுத்துத் திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த விலையைப் படித்ததும் புருவம் உயர்ந்தது.

"ஏம்மா, மண்ணுதானே இது? ஒரு கப் எழுநூறு ரூபாயா?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்க மாமி" என்றேன். மழை விடும்வரை அவரிடம் சொன்னதையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

மண்ணிலிருந்து தொடங்கினேன். ஏரி மண்ணில் வனைந்த பானை 800, 900 டிகிரி சூட்டிலேயே வெந்துவிடும். அதன் உடம்பெங்கும் நுண்துளைகள். அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. காபிக் கோப்பை அப்படிக் கசியக் கூடாது. அதற்கு 1200 டிகிரியைத் தாண்டியும் குழையாமல் நின்று, கல்லாக இறுகும் மண் வேண்டும். ஸ்டோன்வேர் என்று அதற்குப் பெயர். வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்ந்த கலவை அது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அதற்குப் பக்கத்து ஊரான விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது.

என் நாள் காலை ஆறு மணிக்கு மண் பிசைவதில் தொடங்கும். முதுகும் தோளும் சேர்ந்து செய்யும் வேலை. உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் சக்கரத்தில் சுவர் கோணிக்கொள்ளும். சூளையில் பாத்திரம் வெடிப்பதும் குமிழியால்தான் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் வெடிக்கச் செய்வது ஈரம். முழுக்கக் காயாத மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியில் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் சுவரை உடைத்துக்கொண்டு கிளம்பும்.

பிறகு சக்கரம். அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவான மண் உருண்டையை நடுவில் அறைந்து, ஆடாமல் நிலைநிறுத்தி, குழித்து, சுவரை மேலே இழுத்தால் ஐந்து நிமிடத்தில் கோப்பை எழுந்து நிற்கும். பார்க்க வருகிறவர்கள் படம் பிடிப்பது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். விலைக்கான காரணம் அதற்குப் பிறகு வரும் மூன்று வாரத்தில் இருக்கிறது.

எங்கள் ஊரில் கடல் கூப்பிடு தூரம். காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். சித்திரையில் ஒரே இரவில் இறுகும் கோப்பை இப்போது மூன்று நாள் ஆனாலும் விரல் பட்டால் பதிகிறது. தோல்போல் இறுகிய பதத்துக்கு வந்த பிறகுதான் அடியைச் செதுக்கிக் கால்வளையம் எடுக்க முடியும். கைப்பிடி ஒட்ட முடியும். கைப்பிடி மெலிது, உடல் தடிமன். மெலிந்தது முந்திக்கொண்டு காய்ந்தால் ஒட்டிய இடத்தில் விரிசல் விழும். அதனால் கைப்பிடிக்கு மட்டும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இரண்டும் சேர்ந்து காயும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நடுராத்திரி மழை வலுத்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவேன்.

காய்ந்து, வெந்து முடிவதற்குள் மண் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்குகிறது. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வனைந்தால் கைக்கு வருவது ஒன்பதுக்கும் குறைவு. கண் அதையும் கணக்கிட்டுத்தான் வனைய வேண்டும்.

முதல் சூளை ஏறத்தாழ ஆயிரம் டிகிரி வரை. 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று பருக்கும்; சூடு இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கே அவசரப்பட்டால் விரிசல்தான். காய வைப்பதில் அவசரப்பட்டாலும் அப்படித்தான். போன ஐப்பசியில் ஓர் ஆர்டருக்காக, அடி காயும்வரை பொறுக்காமல் சூளையைப் போட்டேன். பதினொரு கோப்பைகளின் அடி சில்லு சில்லாகத் தெறித்திருந்தது. அவசரம் என்னுடையது, நஷ்டமும் என்னுடையது. வாடிக்கையாளரிடம் இன்னும் மூன்று வாரம் கேட்டு வாங்கினேன்.

அடுத்தது கிளேஸ். அது ஒரு வகைக் கண்ணாடி. சிலிக்கா உருகிப் படலமாகிறது, ஃபெல்ட்ஸ்பாரும் சுண்ணாம்பும் அதை உருக வைக்கின்றன, அலுமினா வழிந்து ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. சிறிது இரும்பு ஆக்சைடு சேர்த்தால் என் மின்சூளையில் தேன் நிறம் வரும். தாமிரம் சேர்த்தால் பச்சை. அதே தாமிரம், காற்றைக் குறைத்து எரிக்கும் எரிவாயுச் சூளையில் ரத்தச் சிவப்பாகிவிடும். கால்வளையத்தில் கிளேஸ் ஒரு துளி இருந்தாலும் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றையும் ஈரப் பஞ்சால் துடைக்கிறேன். கோப்பையின் அடியில் கிளேஸ் படாத வெற்று மண் தெரிவது அதனால்தான்.

இரண்டாவது சூளை 1220 டிகிரி. இரவு அணைத்தால் மறுநாள் மாலைவரை கதவைத் தொடக் கூடாது. ஆவலில் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டுப் படலம் விரிசல் விடும். இந்தமுறை நாற்பது வைத்தேன்; விற்கும்படி வந்தவை முப்பத்து மூன்று.

சூளையோடு வேலை முடிவதில்லை. பட்டறையில் நான் துடைப்பம் தொடுவதில்லை. மண்ணிலும் கிளேஸிலும் இருக்கும் சிலிக்காத் தூள் காற்றில் எழுந்து நுரையீரலில் தங்கினால் திரும்பாது. தினமும் மாலை ஈரத் துணியால் தரையைத் துடைப்பேன். சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். இடத்து வாடகை அதிலிருந்துதான் போகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமி தன் புடவைத் தலைப்பை எடுத்துக் காட்டினார். கலாக்ஷேத்ரா தறியில் நெய்த கோர்வை. "இதை வாங்கறச்சே நான் விலை பேசலைம்மா. உடலும் கரையும் தனித்தனி நிறம். ஒவ்வொரு இழைக்கும் கோர்த்து நெய்யணும், பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு எனக்குத் தெரியும். மண்ணைப் பத்தி எனக்கு யாரும் சொல்லலை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. புடவையை விரலால் நெருடிப் பார்த்து விலை சொல்லும் அறிவை நம் வீடுகள் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மண் பாத்திரத்துக்கும் அப்படி ஓர் அறிவு இருந்தது. என் பாட்டி சந்தையில் பானையைத் தூக்கி, காதோரம் வைத்து, விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் நன்றாக வெந்தது. மந்தமான சத்தம் வந்தால் எங்கோ கீறல், திருப்பி வைத்துவிடுவார். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் அடுக்களைக்கு வந்தபிறகு, பானையோடு அந்தக் காதும் வீட்டைவிட்டுப் போய்விட்டது.

அந்தக் காது இன்னும் தொழிலாக வாழும் இடம் மானாமதுரை. அங்கே கச்சேரியில் வாசிக்கும் கடத்தை ஈரம் இருக்கும்போதே பலகையால் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குகிறார்கள். வெந்த பிறகு தட்டி சுருதி பார்க்கிறார்கள். அந்த வேலைக்காக மீனாட்சி கேசவன் 2013-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பல ஊர்களில் குயவர் வீட்டுப் பெண்கள் மண் மிதிப்பார்கள், தட்டுவார்கள், சூளை அடுக்குவார்கள். சக்கரம் மட்டும் ஆண்கள் கையில் இருக்கும். அந்தக் குலத்தில் பிறக்காத, பெண்ணான நான் சக்கரத்தின் முன் உட்கார முடிந்ததற்கு வேறொரு வழி திறந்திருந்தது. 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களுமாகத்தான் தென்னிந்தியாவில் ஸ்டுடியோ குயவர்கள் பெருகினார்கள். குலக் குயவர்கள், ஸ்டுடியோ குயவர்கள் என்று இரண்டு பக்கமும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் கோப்பைக்கு நான் பக்கத்திலிருந்து விளக்கம் சொல்ல முடிகிறது. கேட்பவர் நின்று கேட்கிறார், எழுநூறு ரூபாயும் தருகிறார். கொசப்பேட்டையிலிருந்து கூடை அகலோடு வந்து, மழையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கோயில் மாட வீதியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. டஜனுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். அந்த அகலும் இதே மழையில், இதே காற்றில் காய்ந்ததுதான். என் சூளைக்காவது கூரை இருக்கிறது. திறந்தவெளிச் சூளைக்காரர்களுக்கு இந்த இரண்டு மாதமும் வானம் பார்த்த பிழைப்பு. திறமையில் அவர்கள் எனக்கு மூத்தவர்கள். விலையில் அவர்களைக் கீழே வைத்திருப்பது நியாயம் இல்லை.

மழை விட்டது. மாமி கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். நான் சொல்லாமலே விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்றது. இரண்டாக எடுத்துக்கொண்டார்.

இந்தக் கார்த்திகைக்கு அகல் வாங்கப் போகிறீர்கள், தைக்குப் புதுப் பானை வாங்கப் போகிறீர்கள். கையில் எடுங்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள், தட்டிக் கேளுங்கள். சத்தம் சரியாக இருந்தால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். பக்கத்தில் உங்கள் குழந்தை நின்றால் அதன் கையிலும் ஒன்றைக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள்.

(தொடரும்)