எண்ணெய் எவ்வளவு? வாளி எத்தனை?

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 2 கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு இல்லை என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு எர்ணாவூர் கரையில் கருப்புக் குழம்பு ஒதுங்கியது. ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள்.

கசிந்த எண்ணெய் எவ்வளவு என்று கேட்கலாம். அள்ளியது எத்தனை வாளி என்று கேட்கலாம். "எத்தனை எண்ணெய்?" என்று யாராவது கேட்பார்களா? மாட்டார்கள். எண்ணக்கூடிய பொருளுக்கு "எத்தனை". அளந்தோ நிறுத்தோ பார்க்கும் பொருளுக்கு "எவ்வளவு". பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் இது தெரியும்.

ஆங்கிலத்திலும் இதே கணக்குதான். எத்தனை என்றால் "மெனி". எவ்வளவு என்றால் "மச்". கப்பல், படகு, மூட்டை எல்லாம் மெனி. எண்ணெய், நிலக்கரி, உப்பு எல்லாம் மச். பணம் மச், ரூபாய் மெனி! பேச்சில் "எவ்வளவு பேர்" என்றும் சொல்லுகிறோம். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்காது. ஆட்கள் என்றால் மெனிதான்.

"எ" செய்யும் வேலை

தமிழில் "கொஞ்சம்" என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்தில் போதாது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

கடலில் "லிட்டில் ஆயில்" என்றால், எண்ணெய் அநேகமாக இல்லை என்று பொருள். "எ லிட்டில் ஆயில்" என்றால், சிறிதளவு இருக்கிறது என்று பொருள். வித்தியாசம் "எ" என்ற ஓர் எழுத்து! மீன் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றாகுமா?

திருவொற்றியூரில் தொழிற்சாலைகள் உண்டு. இயந்திரத்தில் "லிட்டில் ஆயில்" என்று ஒருவர் எழுதி வைக்கிறார். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர், "கொஞ்சம் இருக்கிறதே" என்று ஓட்டிவிட்டால்? பேரிங் தேய்ந்து போகும்.

எண்ணக்கூடிய பொருளுக்கு "பியூ", "எ பியூ". ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. "பியூ போட்ஸ்" போயின என்று பத்திரிகையில் இருந்தால், போனது மிகச் சொற்பம் என்று அர்த்தம். "எ பியூ போட்ஸ்" என்றால், சில படகுகள் போயிருக்கின்றன. கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

மூட்டை முடிச்சு

தமிழில் "4 சாமான்" என்று எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் "லக்கேஜ்" எண்ணப்படாது. "லக்கேஜஸ்" என்பது தவறு. "மெஷின்" எண்ணப்படும், "மெஷினரி" எண்ணப்படாது. பெயர்ப்பலகைகளில் "மெஷினரீஸ்" என்று இருக்கலாம். அதைப் பார்த்து எழுத வேண்டாம்.

மீன் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். வலையில் துள்ளும்போது அது மெனி. குழம்பாகித் தட்டுக்கு வந்துவிட்டால் மச்!