மணற்றரையில் முளைக்கீரை: சிறிதளவு நீரும் கலப்புப் பசளையும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாகத்தே, வாகரைப் பகுதியிற் கடலுக்கும் களப்புக்கும் நடுவே பனிச்சங்கேணி அமைந்துள்ளது. ஊர்ப்பெயரிலேயே கேணி உண்டு. எனினும் கச்சான் காற்று வீசும் கோடையில் அங்கு நன்னீர் அருமைப்பட்டதே. மாரி மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதக்கின்றது. கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அவ்வுவர்நீர் மேலெழும். உவர்ப்பேறிய கிணறு அடுத்த மாரிக்கு முன் தேறுதல் அரிது. ஆகவே கீரைப் பாத்திக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பது வீட்டாரின் குடிநீரையும் பற்றிய கேள்வியாகும்.

முளைக்கீரை வெப்பத்தைத் தாங்கும். 25 முதல் 30 நாட்களிற் பிடுங்கலாம். ஆனால் அதன் வேரோடும் மேல்மணல், சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 10 லீற்றர் நீரையே பிடித்து வைக்கும். அதற்கு மேல் ஊற்றும் நீர் கீழே வடியும். யூரியாவின் நைதரசனையும் உடன் கொண்டு போகும். இலை மஞ்சளிப்பதைக் கண்ட கமக்காரர் சிலர் மேலும் யூரியா இட்டு, மேலும் இறைப்பர். இதனால் பணமும் நீரும் ஒரே வழியிற் கழிகின்றன.

இதற்குப் பரிகாரம் எருவே. நன்கு உக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெருவைச் சதுர மீற்றருக்கு 2 கிலோ வீதம், 10 கிராம் முச்சுப்பர் பொசுபேற்றுடன் மேல்மண்ணிற் கலந்துவிடுக. எரு நீரையும் பசளையையும் மணலில் நிறுத்தும். பச்சை எரு நாற்றைக் கருக்கும், களையையும் கொணரும்.

எருவை மட்டும் நம்புதலும் போதாது. அதிலுள்ள நைதரசன் மெதுவாகவே வெளிப்படும். ஒரு மாதப் பயிர் அதுவரை காத்திராது. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது இவ்வுண்மையைக் கமக்காரர் பலர் தம் வயலிலேயே கண்டனர். எனவே முளைத்த 10ஆம் நாளும் 18ஆம் நாளும் சதுர மீற்றருக்கு 5 கிராம் யூரியாவை, இலையிற் படாமல் வரிசைகளுக்கிடையே தூவி, உடனே சிறிது நீர் தெளித்தல் வேண்டும். யூரியாவுடன் சாம்பலைக் கலத்தல் ஆகாது; நைதரசன் வாயுவாகிப் போய்விடும்.

விதை மிக நுண்ணியது. உலர்ந்த மணலுடன் கலந்து விதைத்து, வைக்கோலை மெல்லியதாகப் பரப்புக. முளை தோன்றியதும் அதனை நீக்கி வரிசைகளுக்கிடையே இடலாம். காற்று வரும் பக்கத்திற் கிடுகு வேலி ஒன்று இருப்பின் பாத்தி விரைவில் உலராது. இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் நீரைக் காலை பாதி, மாலை பாதியாகப் பூவாளியால் ஊற்றினால் அமையும். நண்பகலில் ஊற்றும் நீரிற் பெரும்பங்கு வெயிலுக்கே போகும். இயந்திரத்தால் இறைப்போர் கிணற்றை ஒரே மூச்சில் வற்றவிடாது, இடைவெளி விட்டு இறைத்தல் நன்று. வாரமொருமுறை நீரை நாவிலிட்டுப் பார்த்தல் வேண்டும். கரிப்புத் தெரிந்தாலோ, இலையோரம் கருகினாலோ அக்கிணற்றில் இறைப்பதைக் குறைத்து, அடுத்த விதைப்பை மாரி தொடங்கும்வரை தள்ளி வைக்குக.