மௌனம் காக்கும் குழாய்

உத்திரமேரூர் என்றவுடனே நேயர்களுக்கு நினைவு வருவது குடவோலை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், இவ்வூர்ச் சபையார் தங்கள் தேர்தல் விதிகளைக் கல்லிலே பொறித்து வைத்தார்கள். ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் வாரியங்களில் இடம் பெறக் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்தக் கல்வெட்டைக் கண்ணாரக் காண வேண்டும் என்றுதான் நாம் சென்றிருந்தோம். கண்டு களித்தோம். ஆயினும், ஊர் திரும்பிய பிறகு நம் மனத்தில் நின்றது கல்வெட்டு மட்டுமன்று. ஒரு பழைய அம்பாஸிடர் வண்டியின் ஸைலென்ஸரும்கூட!

நேயர்கள் நகைக்க வேண்டாம். அந்த இரும்புக் குழாயில் ஒரு குடும்பத்தின் க்ஷேமமே அடங்கியிருந்தது.

நம்மை அழைத்துச் செல்ல வந்தவர் நமது பழைய நண்பர்; ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவருடைய வண்டி தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே அதன் வரவு ஊர் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. திண்ணையில் உறங்கிக் கொண்டிருந்த நாய் எழுந்து ஓடிற்று.

"இதற்கும் வயசாகிவிட்டது, எனக்கும் வயசாகிவிட்டது. எனக்கு இருமல், இதற்கு உறுமல்; அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் நண்பர்.

உள்ளே இருந்த அவர் மனைவி மெதுவாக, "உறுமினால் உறுமட்டும். காஞ்சீபுரம் போய் வந்தாலே எனக்குத் தலைவலி தாங்க முடிவதில்லை. எல்லாம் வெயில்தான்" என்றார். அப்பொழுது நாமும் அப்படியே நினைத்தோம்.

தலைவலியின் காரணம்

வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கியிருந்தது. சொந்த உபயோகத்துக்கான காருக்கு முதற் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைப் பரிசோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித் தருவார்கள். அதற்காக வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். மெக்கானிக் இளைஞர் வண்டியின் அடியில் படுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சார், அம்மாவுக்கு வருவது வெயில் தலைவலி இல்லை. இங்கே வந்து பாருங்கள்."

குனிந்து பார்த்தோம். குழாய் இணைப்பைச் சுற்றிலும் கரி படிந்திருந்தது. ஸைலென்ஸரின் மேற்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் மேலே, பின் ஆசனத்தடியில், வண்டியின் தரைத் தகடும் துருவேறிப் பொத்தலாயிருந்தது. முந்திய ஆண்டு வேறோர் இடத்தில் போட்ட ஒட்டு, பெயர்ந்து தொங்கிற்று.

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதற்குப் பதிலாக இந்த வாயுவைப் பற்றிக் கொண்டுவிடுகிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து. வண்டியில் புகை நாற்றம் வீசினால் ஜனங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நாற்றம் வேறு வாயுக்களுடையது. விஷம் அதன் பின்னால் ஓசைப்படாமல் வருவது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

விநாடிக்கு நூறு வெடி

ஸைலென்ஸர் என்பது வெறும் தகரப் பெட்டி என்று எண்ணுகிறவர்கள் அநேகர். நான்கு ஸிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 முறை சுழல்கிறபோது, விநாடிக்கு 100 வெடிகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் சூடான வாயு அழுத்தத்துடன் வெளியே பாய்கிறது. அதை அப்படியே விட்டால் தீபாவளிச் சரவெடி தோற்றுப் போகும்.

ஸைலென்ஸருக்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. குறுகிய குழாயிலிருந்து விரிந்த அறைக்குள் வந்ததும் வாயுவின் வேகம் அடங்குகிறது. சப்த அலைகள் தடுப்புக்களில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலைகளுடன் கலந்து ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. குளத்தில் ஓர் அலையின் மேடு மற்றோர் அலையின் பள்ளத்தில் விழுந்தால் நீர்ப்பரப்பு சமமாகிறதல்லவா? அதே வித்தைதான். சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சை அடைத்து சப்தத்தை உறிஞ்சச் செய்வதும் உண்டு. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் இத்தகைய கருவிக்கு 1897-லேயே காப்புரிமை பெற்றார்கள்.

இத்தனை அடக்கமான கருவியை அழிப்பது எது? தண்ணீர்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி, ஆவி முழுதும் வெளியேறிவிடும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்குமாக அரை மைல் ஓட்டி நிறுத்தினாலோ, அந்நீர் உள்ளேயே தங்கி, எரிந்த வாயுக்களின் அமிலத்தோடு சேர்ந்து, தகட்டை உட்புறமிருந்து அரிக்கிறது. ஆகவே, "அதிகம் ஓட்டாத வண்டி, எப்படித் துருப்பிடித்தது?" என்று வியப்பதில் பொருளில்லை. அதிகம் ஓட்டாததனால்தான் துருப்பிடித்தது.

எதற்கு முதலில் செலவு செய்வது?

நண்பருடைய வருமானம் பென்ஷன் ஒன்றே. "தம்பி, குறைந்த செலவில் முடிய வேண்டும், ஆனால் திரும்பவும் உன்னிடம் வரக் கூடாது" என்றார். மெக்கானிக் சிரித்துவிட்டு, நிதானமாக வரிசைப்படுத்திச் சொன்னார். சிக்கனம் விரும்பும் குடும்பங்களுக்கு அந்த வரிசை பயன்படும்.

முதலாவது, கசிவு எங்கே என்று அறிவது. திறந்த வெளியில், குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, தடித்த துணியால் குழாயின் வாயைச் சில விநாடிகள் அடைத்துப் பிடித்தால், கசியும் இடத்தில் 'உஸ்' என்று சீறும். இணைப்பில் மட்டும் சீறினால் ஒரு புது பேக்கிங்கும் கிளாம்பும் போதும். நூற்றுக்கணக்கில் முடிகிற காரியத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குழாயைத் தாங்கும் ரப்பர்களையும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களையும் பார்ப்பது. அவை நைந்துபோனால் எஞ்சின் ஆடுகிற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குழாய் முறுக்கப்பட்டு விரிசல் விடும். இதைக் கவனியாமல் புதுக் குழாய் மாட்டுவது, ஓட்டைக் கூரையின் கீழே வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். நண்பருடைய பழைய ஒட்டுப் பெயர்ந்ததற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, ஒட்டா, மாற்றா என்று முடிவு செய்வது. சுற்றியலால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற தகடு மொத்தென்று ஒலிக்கும். நல்ல தகட்டில் ஒரு விரிசல் என்றால் பற்றவைக்கலாம். மெலிந்த தகட்டில் பற்றவைத்தாலோ ஓட்டை பெரிதாகுமே அல்லாது அடைபடாது.

மாற்றுவதானால் எந்த உலோகம்? சாதாரண இரும்புத் தகடு விலை மலிவு, ஆயுளும் குறைவு. அலுமினியப் பூச்சுள்ள எஃகு அதைவிட மேல். ஏறக்குறைய 11 சதவீதம் குரோமியம் கலந்த 409 என்னும் துருவேறா எஃகின் மேலே செந்துருப் படர்ந்தாலும், உள்ளே எளிதில் அரிக்காது. கொஞ்ச காலமே வண்டியை வைத்திருக்க எண்ணுகிறவர்களுக்கு முதலாவதே போதும். நண்பர் நடுத்தர வழியைத் தேர்ந்தார்: ஸைலென்ஸர் பெட்டி மட்டும் புதிது, நன்றாயிருந்த முன் குழாயும் வால் குழாயும் பழையபடியே.

அம்பாஸிடரின் உற்பத்தி 1957-ல் வங்காளத்து உத்தரபாராவில் தொடங்கி 2014-ல் நின்றுவிட்டது. ஆயினும் சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடுகிறவர்களுக்கு உதிரிப் பாகங்கள் அகப்படுகின்றன. நம் நாட்டிலேயே செய்து, நம் நாட்டுக் கைகளே செப்பனிட்டுக் காப்பாற்றும் வண்டி என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமிதம்.

பட்டணத்து ஆசை

நண்பரின் பேரன் கல்லூரி மாணவன். "தாத்தா, செலவுதான் செய்கிறோமே, நன்றாக முழங்குகிற ஸைலென்ஸராகப் போட்டுவிடலாமே! வேகமும் கூடும்" என்றான்.

வேகம் கூடும் என்பது பெரும்பாலும் பிரமை. பழைய எஞ்சினின் கார்புரேட்டரும் வால்வுகளும் அப்படியே இருக்க, குழாயை மட்டும் அகலமாக்குவதால் சப்தம் பெருகுமேயன்றி, சக்தி குறிப்பிடத்தக்க அளவு பெருகாது. சட்டமும் இடங்கொடாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, சப்தத்தைக் கூடியவரை குறைக்கும் ஸைலென்ஸர் ஒவ்வொரு வண்டிக்கும் வேண்டும் என்கிறது. சப்தம், புகை பற்றிய விதிகளை மீறினால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பிற்காலத்து வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும். மிச்சம் பிடிப்பதாக எண்ணி அதைக் கழற்றிவிடுவதும் குற்றமே.

தாத்தா சட்டம் பேசவில்லை. "எதிர் வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஏரித் தண்ணீரைப் போலத் தெருவின் அமைதியும் ஊருக்குப் பொது. அதை நாம் மட்டும் எடுத்துச் செலவு செய்யலாமா?" என்றார். பேரன் பதில் சொல்லவில்லை.

மெக்கானிக் பாட்டரி இணைப்பைக் கழற்றினார். பெட்ரோல் தொட்டிக்கு அருகில் வரும் துண்டை வண்டியிலிருந்து எடுத்துத் தனியே வைத்தே பற்றவைத்தார். தரைத் தகட்டின் பொத்தலையும் அடைத்தார். மாலையில் எஞ்சின் ஓடியபோது, பக்கத்து மரத்துக் குருவிகளின் சப்தம் நமக்குக் கேட்டது.

மறுநாள் அம்மாள் காஞ்சீபுரம் போய் வந்தார். "வெயில் அதே வெயில்தான். தலைவலியைத்தான் காணோம்" என்றார்.

நண்பர் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து, பேக்கிங் முதல் வெல்டிங் கூலி வரை ஒன்று விடாமல் எழுதி மனைவியிடம் நீட்டினார். "எதற்கு இவ்வளவு கண்டிப்பு?" என்று கேட்டோம்.

"உத்திரமேரூர்க்காரன் அல்லவா? கணக்குக் காட்டாவிட்டால் அடுத்த வருஷம் எனக்கு வாரியத்தில் இடம் கிடைக்காதே!" என்றார்.